மட் லாங் புரொட்யூஸ் பண்ணின ஆறு சிடி: ஒரு மாசம் கேட்டப்புறம் எழுதுற ரிவ்யூ

போன மாசம் பழைய சிடி விக்கிற ஒருத்தர்கிட்ட ஆறு சிடி மொத்தமா வாங்கினேன். ஏசி/டிசியோட ஹைவே டு ஹெல், பேக் இன் பிளாக், ஃபாரினர் பேண்டோட 4, தி கார்ஸ் பேண்டோட ஹார்ட்பீட் சிட்டி, டெஃப் லெப்பர்டோட ஹிஸ்டீரியா, கடைசியா ஷனாயா ட்வைனோட கம் ஆன் ஓவர். பில்லைப் பாத்த தம்பி "என்னண்ணா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே, ஹார்டு ராக்கும் கன்ட்ரி பாட்டும் சேத்து வாங்கிருக்க"ன்னு கேட்டான். சம்பந்தம் இருக்கு. ஆறு சிடியோட பின்பக்கத்துலயும் பொடி எழுத்துல ஒரே பேரு இருக்கும், ராபர்ட் ஜான் "மட்" லாங்.

புரொட்யூசர்னா நம்ம ஊர்ல பணம் போடுறவர்னு நினைச்சுக்குவோம், சினிமா பழக்கம் அப்படி. அங்க ரெக்கார்டு புரொட்யூசர்னா வேற வேலை. எந்தப் பாட்டு வேணும், எந்த வரியை மாத்தணும், பாடகர் எந்த இடத்துல மூச்சு விடணும், ட்ரம்ஸ் எவ்வளவு பக்கத்துல கேக்கணும், எல்லாத்தையும் ஸ்டூடியோவுல உக்காந்து முடிவு பண்றவர். நம்ம இசையமைப்பாளர் வேலையில பாதியும் சவுண்டு இன்ஜினியர் வேலையில பாதியும் கலந்தாப்ல. லாங் அதோட நிறுத்தல, பாட்டையும் கூட உக்காந்து எழுதுவார். இவ்வளவு பண்ணியும் பேட்டின்னு ஒண்ணு குடுக்க மாட்டார், போட்டோவே தேடித்தான் பாக்கணும். அதனால அவரைத் தெரிஞ்சுக்கணும்னா சிடியை வாங்கிக் கேக்குறதுதான் வழி, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ.

முதல்ல பொருளைப் பத்தி. ஆறுல ஒண்ணோட பெட்டி விரிசல் விட்டு வந்துச்சு, விக்கிறவர்கிட்ட சொன்னதும் மன்னிப்பு கேட்டு காலிப் பெட்டி ஒண்ணு அனுப்பினார், தட்டுல கீறல் இல்ல. புக்லெட் எல்லாம் உள்ள பத்திரமா இருந்துச்சு. பழைய சிடி வாங்குறப்ப புக்லெட் இருக்கான்னு கட்டாயம் கேளுங்க, இவரோட ஆல்பத்துல பாதி கதை அதுலதான் இருக்கு, கீழ சொல்றேன். கேட்டது சாதாரண சிடி பிளேயர்ல, அலமாரியில வைக்கிற ரெண்டு ஸ்பீக்கர், ராத்திரியில வயர் ஹெட்போன்.

லாங் பொறந்தது 1948ல, முஃபுலிரான்னு ஒரு ஊர்ல, அப்ப வடக்கு ரொடீசியா, இப்ப ஜாம்பியா, செம்புச் சுரங்கம் இருக்கிற பகுதி. தென்னாப்பிரிக்காவுல வளந்து, அங்க பேண்டு வச்சு வாசிச்சு, 70கள்ல இங்கிலாந்துக்குப் போனவர். சின்னப் பையனா இருக்கும்போது ஸ்லிம் விட்மேன்னு ஒரு அமெரிக்க கன்ட்ரி பாடகர்மேல உசுரு, கன்ட்ரின்னா அங்கத்த கிராமத்து மெட்டுப் பாட்டு. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்குங்க, ஆறாவது சிடி வரைக்கும் இது கூடவே வரும். 1978ல பூம்டவுன் ராட்ஸ் பேண்டுக்கு அவர் பண்ணின ராட் ட்ராப் இங்கிலாந்துல முதலிடம் போச்சு, அதுக்கடுத்த வருஷம் ஏசி/டிசி.

ஹைவே டு ஹெல் (1979). அதுவரைக்கும் ஏசி/டிசியோட ஆல்பங்களை ஹாரி வாண்டாவும் ஜார்ஜ் யங்கும் பண்ணிட்டிருந்தாங்க, ஜார்ஜ் வேற யாருமில்ல, கிடார் வாசிக்கிற மால்கம், ஆங்கஸ் ரெண்டு பேரோட அண்ணன். அமெரிக்காவுல ஓடுற மாதிரி ஒரு ஆல்பம் வேணும்னு கம்பெனிக்காரங்க ஆள் மாத்தச் சொல்லி, முதல்ல எடி கிரேமரை வச்சுப் பாத்து அது சரிப்படாம, கடைசியில லாங்கிட்ட வந்தாங்க. லண்டன்ல ரவுண்ட்ஹவுஸ் ஸ்டூடியோவுல ரெக்கார்டிங். இதுக்கு முந்தின ஆல்பத்தைப் போட்டுட்டு உடனே இதைப் போட்டா மாத்தம் எங்கன்னு புரியும், கிடார் அதே கிடார்தான், ஆனா பல்லவி வர்ற இடத்துல பின்னாடி ஒரு கூட்டமே சேந்து பாடுது, முன்னாடி அது வெறும் கத்தலா இருந்துச்சு, இங்க சுதி சேந்த கத்தல். பாடகர் பான் ஸ்காட்டுக்கு மூச்சை எப்படி அடக்கி விடணும்னு லாங் சொல்லிக் குடுத்திருக்கார், டச் டூ மச் பாட்டுல அது நல்லாவே தெரியுது, நீளமான வரியை முடிக்கும்போது குரல் தளரவே இல்ல. என் மார்க் பத்துக்கு எட்டு, ரெண்டாவது பாதியில ஒண்ணு ரெண்டு பாட்டு ஒரே மாதிரி இருக்கு.

பேக் இன் பிளாக் (1980). 1980 பிப்ரவரி 19ல பான் ஸ்காட் செத்துப் போயிட்டார். பேண்டு கலைஞ்சுடும்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க, ஆனா சில வாரத்துலயே பிரையன் ஜான்சனைச் சேத்துக்கிட்டு பஹாமாஸ்ல காம்பஸ் பாயிண்ட் ஸ்டூடியோவுக்குப் போயி, ஜூலை மாசமே ஆல்பம் கடைக்கு வந்துருச்சு. முதல் பாட்டு ஒரு மணி ஓசையோட ஆரம்பிக்கும், செத்தவருக்கு அடிக்கிற மணி. அந்த மணியை இங்கிலாந்துல லஃபரோ ஊர்ல ஒரு கோபுரத்துல போயி பதிவு பண்ணப் பாத்திருக்காங்க, மணி அடிச்சதும் உள்ள இருந்த பறவையெல்லாம் படபடன்னு பறக்க அந்தச் சத்தம் ஒலிப்பதிவைக் கெடுத்துருச்சு. அப்புறம் அதே ஊர்ல மணி வாக்குற பட்டறையில, இவங்களுக்குன்னு வாத்த மணியையே அடிச்சுப் பதிவு பண்ணாங்க. இதெல்லாம் ஒரு மணிக்குத் தேவையான்னு கேட்டா, ஹெட்போன் போட்டு அந்த முதல் அரை நிமிஷத்தைக் கேளுங்க, அந்த ஓசை தேஞ்சு அடங்குற விதத்தைக் கேட்டாலே பதில் கிடைச்சுடும்.

இந்த ஆல்பத்துல நான் சொல்ல வர்றது அந்தக் காலி இடத்தைப் பத்தி. இடது பக்கம் மால்கம், வலது பக்கம் ஆங்கஸ், நடுவுல ஃபில் ரட்டோட ட்ரம்ஸ், அவ்வளவுதான். டைட்டில் பாட்டோட ரிஃப்ல, அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிடார் துணுக்குல, ஒரு அடி, அப்புறம் சின்ன மௌனம், மறுபடி அடி. அந்த மௌனத்துல எதையாவது போட்டு நிரப்பணும்னு எந்த புரொட்யூசருக்கும் கை அரிக்கும், லாங் தொடவே இல்ல. பின்னாடி ஹிஸ்டீரியாவுல அடுக்கு மேல அடுக்கா அடுக்கினவர்தான் இங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கார், ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டப்பதான் எனக்கு அவர்மேல மரியாதை ரொம்ப ஏறிச்சு. உலகம் முழுக்க கோடிக்கணக்குல வித்த ஆல்பம் இது, அமெரிக்காவுல மட்டும் 2.5 கோடிக்கு மேல சான்றிதழ் வாங்கியிருக்கு. ஆறுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா ராக் பிடிச்சவங்க இதை வாங்குங்க. பத்துக்குப் பத்து, யோசனையே வேண்டாம்.

இதே கூட்டணி அடுத்த வருஷம் ஃபார் தோஸ் அபௌட் டு ராக் பண்ணாங்க, அதைக் காசு குடுத்து வாங்கல, ஆன்லைன்ல கேட்டேன். டைட்டில் பாட்டு பிரமாதம், மத்ததுல அந்தத் துடிப்பு இல்ல, ரொம்ப நேரம் எடுத்துச் செதுக்கினதுல உயிர் கொஞ்சம் போயிட்ட மாதிரி எனக்குப் படுது. அதோட பேண்டும் இவரும் பிரிஞ்சாங்க.

ஃபாரினர் 4 (1981). வேகமா சொல்லிடறேன். அர்ஜென்ட் பாட்டுல ஜூனியர் வாக்கர் வாசிச்ச சாக்ஸபோனுக்காகவே கேக்கலாம், வெய்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ அமெரிக்காவுல பத்து வாரம் ரெண்டாவது இடத்துலயே நின்னுச்சு, முதலிடம் ஏறவே இல்ல. அதோட ஆரம்பத்துல மிதக்கிற கீபோர்டு தாமஸ் டால்பியோடது, அப்ப அவர் பெரிசா யாருக்கும் தெரியாத இளைஞர். மத்த பாட்டெல்லாம் பரவால்ல ரகம். ஆறரை.

ஹார்ட்பீட் சிட்டி (1984). இதுக்காகத்தான் இந்த லாட்டையே வாங்கினேன்னு சொல்லலாம், ட்ரைவ் பாட்டு எனக்கு அவ்வளவு பிடிக்கும். பெஞ்சமின் ஓர் பாடினது. குரல் கத்தவே இல்ல, யார்கிட்டயோ மெதுவா கேள்வி கேக்குற மாதிரி. பின்னாடி ஒரு குரல் அடுக்கு பாய் விரிச்ச மாதிரி பரவி இருக்கும், ஒலியைக் குறைச்சு வச்சு கேட்டாலும் அது நெஞ்சுக்குள்ள போயிடும். 1985 ஜூலை 13 லைவ் எய்ட் நிகழ்ச்சியில எத்தியோப்பியா பஞ்சத்துல வாடின குழந்தைங்களோட படங்களை இந்தப் பாட்டு பின்னாடி ஓட விட்டுத்தான் காட்டினாங்க. அந்த நிகழ்ச்சியை நடத்தின பாப் கெல்டாஃப் யாருன்னா, லாங் 1978ல முதலிடம் கொண்டு போன பூம்டவுன் ராட்ஸோட பாடகர். ஆல்பத்துல குறைன்னா ட்ரம்ஸ். பெரும்பாலும் மெஷின்ல அடிச்சது, இன்னிக்கு கேக்கும்போது அந்த வருஷத்தோட முத்திரை பளிச்சுன்னு தெரியுது. பேண்டுல கைதேர்ந்த ஒரு ட்ரம்மர் இருந்தும் அவரை ஓரமா உக்கார வச்சது எனக்கு வருத்தம்தான். எட்டு.

இப்ப ஹிஸ்டீரியா (1987). இதுக்கு நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா லாங்கோட மொத்த வேலையும் இந்த ஒரு தட்டுல இருக்கு.

டெஃப் லெப்பர்டு இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்ப் பசங்க. லாங் பண்ணின பைரோமேனியா 1983ல வந்து அமெரிக்காவுல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு, முதலிடத்துல மைக்கேல் ஜாக்சனோட த்ரில்லர் அசையாம உக்காந்திருந்துச்சு. அப்பதான் லாங்குக்கு, அந்த த்ரில்லர் மாதிரியே எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒத்தைப் பாட்டா, தனி சிங்கிளா விடலாம்ங்கிற அளவுக்கு ஒரு ராக் ஆல்பம் பண்ணணும்னு ஆசை வந்தது. 1984ல ஆரம்பிச்சாங்க. லாங் களைச்சுப் போயி முதல்ல விலகிட்டார், ஜிம் ஸ்டைன்மேனை வச்சுப் பண்ணினது சரிப்படல. அந்த வருஷக் கடைசி நாள், டிசம்பர் 31, ஷெஃபீல்டு பக்கத்துல கார் விபத்துல ட்ரம்மர் ரிக் ஆலனோட இடது கை போச்சு. வேற எந்த பேண்டா இருந்தாலும் புது ஆளைப் போட்டிருக்கும். இவங்க காத்திருந்தாங்க. இடது கையில அடிக்க வேண்டியதை காலால பெடல்ல அடிக்கிற மாதிரி எலக்ட்ரானிக் ட்ரம்ஸ் செஞ்சு, அவரு முதல்லேருந்து பழகி, 1986 ஆகஸ்ட்ல டோனிங்டன் ராக் விழா மேடையில கூட்டத்துக்கு முன்னாடி வாசிச்சார். அதுக்குள்ள லாங் திரும்பி வந்து எல்லாத்தையும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிருந்தார். ஆல்பம் கடைக்கு வந்தது 1987 ஆகஸ்ட் 3.

பண்ணின விதம்தான் என்னை உக்கார வச்சுச்சு. வழக்கமா ட்ரம்ஸை முதல்ல பதிவு பண்ணிட்டு அது மேல மத்ததைக் கட்டுவாங்க. இங்க ட்ரம் மெஷினுக்கு வாசிச்சுட்டு, நிஜ ட்ரம்ஸ் ஓசையை ஃபேர்லைட் கம்ப்யூட்டர்ல ஏத்தி கடைசியில சேத்திருக்காங்க. கிடாரை பெரிய ஆம்ப்ளிஃபயர்ல அலற விடாம ராக்மேன்னு ஒரு சின்னப் பெட்டியில செருகி வாசிச்சிருக்காங்க, சில கார்டையெல்லாம், அதாவது பல தந்தியை ஒண்ணா மீட்டுற சுரக்கூட்டத்தை, ஒவ்வொரு தந்தியா தனித்தனியா மீட்டிப் பதிவு பண்ணி அப்புறம் சேத்திருக்காங்க, எந்தத் தந்தியும் இன்னொண்ணை மறைக்கக் கூடாதுங்கிறதுக்காக. குரல் அடுக்கு அதுக்கும் மேல. ஒரே வரியை திரும்பத் திரும்பப் பாடி ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, லாங்கும் அதுல சேந்து பாடி. புக்லெட்டைத் திறந்தா பேக்கிங் வோகல்ஸ்னு போட்டு "தி பேங்க்ரப்ட் பிரதர்ஸ்"னு இருக்கும், போண்டியான அண்ணன் தம்பிங்க. உண்மையிலயே அவ்வளவு செலவாயிருந்துச்சு, போட்ட காசு திரும்பணும்னாலே பல லட்சம் காப்பி விக்க வேண்டிய நிலைமை. புக்லெட் கேளுங்கன்னு மேல சொன்னது இதுக்குத்தான்.

இப்படிச் செஞ்சா பாட்டு பிளாஸ்டிக் மாதிரி இருக்காதான்னு ஒரு கேள்வி வரும், எனக்கும் முதல் ரெண்டு தடவை அப்படித்தான் தோணுச்சு, ஸ்பீக்கர்ல கேட்டப்ப ரொம்ப வழுவழுன்னு இருந்துச்சு. மூணாவது தடவை ராத்திரி ஹெட்போன்ல டைட்டில் பாட்டைக் கேட்டேன். ரெண்டு கிடாரும் வேற வேற சின்னச் சின்ன மெட்டு வாசிச்சுக்கிட்டு ஒண்ணை ஒண்ணு தொடாம போகுது, கோலத்துல ரெண்டு கோடு பின்னிப் போற மாதிரி. அப்பதான் ஒவ்வொரு தந்தியையும் தனியா எடுத்ததோட அர்த்தம் புரிஞ்சது. அன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும் தூங்கல.

போர் சம் சுகர் ஆன் மீ கிட்டத்தட்ட ஆல்பம் முடியுற நேரத்துல வந்த பாட்டு. இடைவேளையில பாடகர் ஜோ எலியட் சும்மா கிடாரை வச்சு முணுமுணுத்துக்கிட்டிருக்க, அதைக் காதுல வாங்கின லாங், இதை விடக்கூடாதுன்னு உடனே பாட்டாக்கிட்டார். மூணு வருஷம் உழைச்ச ஆல்பம், எல்லாரும் களைச்சிருப்பாங்க, அந்த நேரத்துலயும் காது திறந்தே இருந்திருக்கு பாருங்க. அந்தப் பாட்டு அமெரிக்காவுல அடிச்ச அடியிலதான் ஆல்பம் 1988 ஜூலையில முதலிடத்துக்கே போச்சு, வெளிவந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு. பன்னெண்டு பாட்டுல ஏழு சிங்கிள்.

லவ் பைட்ஸ்தான் அந்த பேண்டுக்கு அமெரிக்காவுல முதலிடம் போன ஒரே சிங்கிள். அதை லாங் கொண்டு வந்தப்ப கன்ட்ரி சாயல்ல இருந்த பாட்டு. ராக் சட்டையை மாட்டி விட்டாங்க. ஸ்லிம் விட்மேனைக் கேட்டு வளந்த பையனை ஞாபகம் இருக்கா, இங்கதான் அவன் எட்டிப் பாக்குறான். பல்லவியை மட்டும் மெதுவா நீங்களே பாடிப் பாருங்க, கிடார் இல்லாம, அப்ப தெரியும்.

வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம், இந்த ஆல்பம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும். பழைய ஒற்றை எல்பி தட்டுல அவ்வளவையும் நெருக்கி அடைச்சிருப்பாங்க, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்னா ஊசி ஓடுற பள்ளம் குறுகி ஒலி மெலிஞ்சுதான் வரும், நண்பர் வீட்டுல போட்டுப் பாத்தோம், பாஸ், அந்தக் கனமான கீழ் ஒலி, எங்க போச்சுன்னே தெரியல. சிடி வாங்குங்க, இல்ல ரெண்டு தட்டா வந்த பதிப்பைத் தேடுங்க. மார்க் ஒன்பதரை, கடைசி ரெண்டு பாட்டு கொஞ்சம் இழுக்குது, அதுக்கு அரை மார்க் போச்சு.

நடுவுல 1991ல பிரையன் ஆடம்ஸ் ஆல்பம் ஒண்ணு இருக்கு. எவ்ரிதிங் ஐ டூ பாட்டை ஆடம்ஸ், லாங், மைக்கேல் கேமன் மூணு பேரும் எழுதினாங்க, இங்கிலாந்துல விடாம 16 வாரம் முதலிடம். பாட்டு எல்லாருக்கும் தெரியும், ஆல்பம் ரொம்ப நீளம், அதனால வாங்கல.

கடைசி சிடி, கம் ஆன் ஓவர் (1997). ஷனாயா ட்வைனோட முதல் ஆல்பம் 1993ல வந்து பெரிசா போகல. அதைக் கேட்ட லாங் போன் பண்ணிப் பேசியிருக்கார், அவர் யாருன்னு அந்தம்மாவுக்கு அப்ப தெரியாது. போன்லயே பாட்டுப் பேச்சு வளந்து, அந்த வருஷ டிசம்பர்லயே கல்யாணம் ஆயிருச்சு. அப்புறம் 1995ல ஒரு ஆல்பம், 1997ல இது. 16 பாட்டும் ரெண்டு பேரும் சேந்து எழுதினது, உலகம் முழுக்க 4 கோடி வித்ததா சொல்றாங்க, தனியாப் பாடின ஒரு பெண்ணோட ஆல்பத்துல இதை விட வித்தது இல்ல.

ராக் ரசிகருங்க இதை வாங்க மாட்டேம்பாங்க, தயவுசெஞ்சு வாங்குங்க. மேன் ஐ ஃபீல் லைக் எ உமன் ஆரம்பிக்கிற ரிஃபைக் கேளுங்க, ஏசி/டிசிகிட்ட கத்துக்கிட்ட அந்த அடி, மௌனம், அடி, அப்படியே இருக்கு. பல்லவியில வர்ற குரல் கூட்டம் டெஃப் லெப்பர்டோடது. வயலின் மட்டும் கன்ட்ரி. கன்ட்ரி பாட்டோட தலைநகரமான நாஷ்வில்காரங்க சில பேர் இதெல்லாம் கன்ட்ரியே இல்லன்னு கோவப்பட்டாங்க, அந்தக் கோவத்துல நியாயம் இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா இருபது வருஷம் ராக் பண்ணினவர் தன் சின்ன வயசுப் பாட்டுக்குத் திரும்பி வந்து, கையில இருந்த எல்லாத்தையும் அதுக்குக் குடுத்திருக்கார்னு எனக்குத் தோணுது.

வாங்கும்போது எந்தப் பதிப்புன்னு பாருங்க. முதல்ல அமெரிக்காவுல வந்தது கன்ட்ரி மிக்ஸ், மேன் ஐ ஃபீல் லைக் எ உமன்தான் முதல் பாட்டு. வெளிநாட்டுக்குன்னு அப்புறம் வந்ததுல கன்ட்ரி வாசனையைக் குறைச்சு பாட்டு வரிசையையே மாத்திட்டாங்க, யூ ஆர் ஸ்டில் தி ஒன்ல ஆரம்பிக்கும். எனக்கு வந்தது ரெண்டாவது. ரெண்டையும் கேட்டுப் பாத்தேன், முதல் பதிப்புதான் நல்லாருக்கு, வயலினும் ஸ்டீல் கிடாரும் இருக்கும்போதுதான் பாட்டுக்கு ஒரு வீடு இருக்கிற மாதிரி இருக்கு. இதுக்கு அடுத்த அப் ஆல்பத்துல (2002) இந்தப் பழக்கத்தை இன்னும் பெரிசாக்கி ஒரே பாட்டுங்களை மூணு விதமா பண்ணினாங்க, சிவப்புத் தட்டு பாப், பச்சை கன்ட்ரி, நீலம் நம்ம இந்திய வாத்தியங்களோட சாயல்ல, பர்மிங்ஹாம் துக்கல் சகோதரர்களை வச்சுப் பண்ணினது. கிடைச்சா நீலத்தைத் தவற விடாதீங்க. கம் ஆன் ஓவருக்கு என் மார்க் ஒன்பது.

எந்த வரிசையில கேக்குறதுன்னா, பேக் இன் பிளாக், ஹிஸ்டீரியா, கம் ஆன் ஓவர், இந்த மூணையும் இதே வரிசையில ஒரே வாரத்துல கேளுங்க. ஃபாரினரை விட்டுடலாம். கடைசியா யூ ஆர் ஸ்டில் தி ஒன் பாட்டை ஹெட்போன்ல போடுங்க. நாங்க சேந்து இருக்க மாட்டோம்னு சொன்னாங்களே, பாருங்க இன்னும் இருக்கோம்னு அவங்க கல்யாணத்தையே வச்சு எழுதின பாட்டு. 2008ல ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்கன்னு தெரிஞ்சு இப்ப கேக்கும்போது மனசு என்னமோ பண்ணும். பல்லவி வரும்போது அந்தம்மா குரலுக்குக் கீழ ஒரு ஆம்பளைக் குரல் ஒட்டிக்கிட்டே வரும், அமைதியா, முன்னாடி வராம. அது லாங்.